பேர் சொல்லிக் கூப்பிடு

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"கணினியைப் பற்றி ஏதாவது பேசுங்கள், ஆனால் எல்லாருக்கும் புரிகிற மாதிரி பேசுங்கள்" என்று தலைமையாசிரியர் அன்புக் கட்டளை போட்டிருக்கிறார். இரண்டாவது பாதிதான் கொஞ்சம் சிரமம். ஆனாலும் முயன்று பார்க்கிறேன். முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருக்கும் பரிசுப் பொட்டலங்களைப் பார்க்கிறார்கள். அதனால் சுருக்கமாகவே பேசுவேன்.

முதலில் ஒரு கேள்வி. இன்னும் சற்று நேரத்தில் இந்த மேடையிலிருந்து பெயர்களை வாசிக்கப் போகிறார்கள். அப்படிப் பெயரை வாசிக்காமல், "இரண்டாவது வரிசையில் நான்காவது நாற்காலியில் இருக்கும் பிள்ளை மேடைக்கு வரவும்" என்று அறிவித்தால் என்ன நடக்கும்? ஒத்திகையின்போது நான்காவது நாற்காலியில் இருந்தவள் ஒருத்தி. இப்போது தாமதமாக வந்த ஒரு பையன் இடையில் புகுந்து உட்கார்ந்துவிட்டான். எல்லாரும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். நான்காவது நாற்காலியில் இப்போது இருப்பது வேறு பிள்ளை. அந்தப் பிள்ளையும் கூப்பிட்டார்களே என்று எழுந்து வரும். பரிசையும் வாங்கிக்கொண்டு போய்விடும். யாருக்கும் ஒன்றும் தெரியாது, உரியவளைத் தவிர.

நான் இன்று சொல்ல வந்தது அவ்வளவுதான். இடத்தை எண்ணிக் கூப்பிடாதே, பேர் சொல்லிக் கூப்பிடு. மனிதர்களுக்கு மட்டுமல்ல, கணினிக்கும் இது பொருந்தும் என்பதைத்தான் விளக்கப் போகிறேன்.

என் தாத்தா கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் மரம் சீவியவர். விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் போய் நிற்பார். கிராணி ஐயா செக்ரோல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆள் கணக்கு எடுப்பார். தாத்தாவுக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு நம்பர் உண்டு. பால் நிறுத்தாலும் அந்த நம்பர்தான், சம்பளம் வாங்கினாலும் அந்த நம்பர்தான். வயதான காலத்தில் பேரப்பிள்ளைகளின் பெயர்கூட அவருக்கு மறந்து போயிற்று, அந்த நம்பர் மட்டும் கடைசிவரை மறக்கவே இல்லை.

அந்தச் செக்ரோல் புத்தகத்தை இங்கே இருக்கும் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வோர் ஆளுக்கும் குறுக்கே ஒரு வரிசை. மேலிருந்து கீழே இறங்கும் பத்திகள், ஒவ்வொரு பத்திக்கும் மேலே ஒரு தலைப்பு: பெயர், தேதி, மொத்த நாள், சம்பளம், பிடித்தம், கைக்கு வருவது. உங்கள் பிள்ளைகளின் மதிப்பெண் பதிவேடும் இதே அமைப்புத்தான். ஒரு பிள்ளைக்கு ஒரு வரிசை, ஒரு பாடத்துக்கு ஒரு பத்தி.

கணினியில் இப்படிப்பட்ட அட்டவணைகளை வைத்துக் கணக்குப் பார்ப்பதற்கென்றே ஒரு மொழி இருக்கிறது. அதன் பெயர் ஒரே எழுத்து: ஆர். நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரோஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு ஆசிரியர்கள் 1990-களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார்கள். இருவர் பெயருக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்து ஆர். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1976 முதல் ஜான் சேம்பர்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் வளர்த்த எஸ் என்ற மொழிதான் இதற்கு முன்னோடி. 1995-இல் ஆர் மொழியை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து விட்டார்கள். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் அதன் 1.0.0 பதிப்பு வெளிவந்தது. இன்று மருத்துவமனை ஆய்விலிருந்து வங்கிக் கணக்குவரை உலகம் முழுதும் அது உழைக்கிறது. ஒரு காசு கட்டணம் கிடையாது என்பதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். ஒரு பழைய மடிக்கணினி இருந்தால் போதும், தோட்டத்து வீட்டிலிருந்தும் கற்கலாம்.

இந்த ஆர் மொழியில் அட்டவணைக்கு டேட்டா ஃபிரேம் என்று பெயர். தமிழில் தரவுச் சட்டகம் என்று சொல்லலாம். நாம் இங்கே பட்டியல் என்றே வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பத்தியை மட்டும் எப்படி வெளியே எடுப்பது? கணினியில் ஆங்கில எழுத்தில்தான் பெரும்பாலும் அடிப்போம். இங்கே உங்களுக்குப் புரிவதற்காகத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன்.

பட்டியல்[ , 4] என்று அடித்தால் நான்காவது பத்தி வரும். இது நாற்காலியை எண்ணிக் கூப்பிடுவது.

பட்டியல்$கணிதம் என்று அடித்தால் கணிதம் என்று தலைப்புள்ள பத்தி வரும். நடுவில் இருப்பது டாலர் குறி. பட்டியல்[["கணிதம்"]] என்று இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினாலும் அதே பத்தி வரும். பட்டியல்[ , "கணிதம்"] என்றாலும் வரும். இவை மூன்றும் பேர் சொல்லிக் கூப்பிடுவது.

"என்னங்க இது, நாலு வழியிலும் அதே பத்திதானே வருகிறது, எதைப் போட்டால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த அலட்சியத்துக்கு நான் கொடுத்த விலையை இந்தச் சபையில் ஒளிக்காமல் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நண்பர்கள் சிலர் சேர்ந்து, படிவம் ஒன்றுக்குப் போகும் பத்துப் பிள்ளைகளுக்குப் பஸ் கட்டணமும் புத்தகச் செலவும் கொடுத்து வந்தோம். கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரர்களாக இருக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்த விதி. பிள்ளைகளின் விவரம் ஒரு கோப்பாக வரும். எண், பெயர், வகுப்பு, கணிதம், அறிவியல் என்று பத்திகள். நான்காவது பத்தி கணிதம். நான் ஆர் மொழியில் நாலே வரி எழுதி வைத்தேன். நான்காவது பத்தியை எடு, பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு அடுக்கு, முதல் பத்துப் பேரைக் கொடு. முதல் ஆண்டு அருமையாக வேலை செய்தது.

மறு ஆண்டு கோப்பைத் தயாரித்தவர்கள், நல்ல எண்ணத்தோடுதான், வகுப்புக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருந்தார்கள். வருகை விழுக்காடு. அதாவது பிள்ளை நூற்றுக்கு எத்தனை நாள் பள்ளிக்கு வந்தது என்ற கணக்கு. இப்போது நான்காவது பத்தி வருகை. கணிதம் ஐந்தாவதாகப் போய்விட்டது. மதிப்பெண்ணும் நூற்றுக்குள், வருகையும் நூற்றுக்குள். கணினிக்கு எப்படித் தெரியும்? நான்காவதைக் கேட்டேன், நான்காவதைக் கொடுத்தது. ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. நானும் பத்துப் பெயரை அறிவித்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு தாய் தொலைபேசியில் கூப்பிட்டார். சண்டை போடவில்லை. "சார், தப்பா நெனைக்காதீங்க. நம்ம பையன் கணக்குல தொண்ணூத்தொண்ணு வாங்கியிருந்தான். டெங்கிக் காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கெடந்தான், அப்புறம் நான் ஷிப்ட் வேலைக்குப் போனா தங்கச்சிய அவன்தான் பாத்துக்கணும், அதனால பள்ளிக்கூடத்துக்குச் சரியா வர முடியல. கணக்குல மட்டும் கொறைஞ்சதே இல்ல. அடுத்த வருஷம் இன்னும் நல்லா படிக்கச் சொல்றேன் சார்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கணினி சொன்னது சரியாகத்தான் இருக்கும், குறை நம் பிள்ளையிடம்தான் என்று அந்தத் தாய் நம்பிவிட்டார். அன்றிரவு பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் உட்கார்ந்து கோப்பைத் திறந்து பார்த்தேன். நெஞ்சு பகீரென்றது. உரிய பத்துப் பேரில் மூன்று பேர் வெளியே நின்றார்கள். பள்ளிக்கு நாள் தவறாமல் வந்த, ஆனால் எங்கள் விதிப்படி இடம்பெறாத மூன்று பேர் உள்ளே இருந்தார்கள். அந்த மூவரும் செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை. அவர்களிடமிருந்து பறிக்க மனம் வரவில்லை. நண்பர்களிடம் உண்மையைச் சொன்னேன். ஆளுக்குக் கொஞ்சம் கையிலிருந்து போட்டு அந்த ஆண்டு பதின்மூன்று பேருக்குக் கொடுத்தோம். அந்தத் தாயிடம் நேரில் போய், "தப்பு உங்கள் மகனுடையது அல்ல, என்னுடையது" என்று சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி.

நான்கு என்பதற்குப் பதிலாக, கணிதம் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால், அந்தப் பத்தி நான்காவதாக இருந்தாலும் வந்திருக்கும், பதினான்காவதாக இருந்தாலும் வந்திருக்கும். ஒரு சொல்லை அடிக்கச் சோம்பல் பட்டதற்கு மூன்று பிள்ளைகள் தண்டனை அனுபவித்திருப்பார்கள்.

இது என்னைப் போன்ற சாமானியனுக்கு மட்டும் நேர்வதல்ல. 2010-ஆம் ஆண்டு கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற பெயர்பெற்ற பொருளாதார அறிஞர்கள் இருவர், அரசாங்கக் கடனையும் நாட்டு வளர்ச்சியையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல நாட்டு அரசியல்வாதிகள் அதைக் காட்டிப் பேசினார்கள். 2013-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஆம்ஹெர்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர், பாடப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விடை ஒத்துவரவில்லை. அசல் கோப்பை வாங்கிப் பார்த்தால், 20 நாடுகளின் வரிசைகளைக் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டிய இடத்தில், 30-ஆவது கட்டத்திலிருந்து 49-ஆவது கட்டம்வரை என்று எழுதாமல் 44-ஆவது கட்டம்வரை என்று எழுதியிருந்தார்கள். ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டுப் போயின. கட்டுரையில் சொல்லப்பட்ட வேறு குறைகளோடு இதுவும் ஒன்று. இந்தப் பிழையை ஆசிரியர்களே ஒப்புக்கொண்டார்கள். நாட்டின் பேரைச் சொல்லி எடுக்காமல், கட்டத்தை எண்ணி எடுத்ததால் வந்த வினை அல்லவா இது! மாணவச் செல்வங்களே, பேராசிரியர்களின் பிழையைக் கண்டுபிடித்தவர் ஒரு மாணவர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் ஊருக்கு வருவோம். 2021-ஆம் ஆண்டை இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் மட்டும் நாட்டில் 24,599 பேருக்குக் கோவிட் நோய் கண்டதாக அறிவித்தார்கள். அதற்கு முந்தைய மாதம், ஜூலையில், சுகாதார அமைச்சு அன்றாட எண்ணிக்கைகளைக் கோப்புகளாகப் பொதுமக்களுக்குத் திறந்து விட்டது. யாரும் எடுத்து ஆராயலாம். மாநில வாரிக் கோப்பில் ஒரு நாளைக்கு 16 வரிசைகள்: 13 மாநிலங்கள், 3 கூட்டரசுப் பிரதேசங்கள். அதில் கிள்ளான் பள்ளத்தாக்கு என்று தனியாக ஒரு வரிசை கிடையாது. சிலாங்கூரையும் கோலாலம்பூரையும் பேர் சொல்லி எடுத்துத்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காலம் போகப் போக அந்தக் கோப்புகளில் பத்திகள் பெருகின. தடுப்பூசி போட்டவர்கள், போடாதவர்கள், குழந்தைகள், முதியவர்கள் என்று புதுப்புதுத் தலைப்புகள் வந்தன. உயிரோடு இருக்கும் அட்டவணை அப்படித்தான் வளரும். பத்தியின் இடத்தை எண்ணி எழுதியவன் ஒவ்வொரு முறையும் திரும்ப எண்ண வேண்டும். எண்ண மறந்த நாளில், குணமானவர்களின் எண்ணிக்கையைப் புதிய நோயாளிகள் என்று அறிவித்தாலும் அறிவிப்பான். தலைப்பைச் சொல்லி எழுதியவனுக்கு அந்தக் கவலை இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் வழி சொல்வதும் இப்படித்தான். ஸ்காட் சாலையில் இருக்கும் கந்தசாமி கோயிலுக்கு வழி கேட்டவரிடம் "இத்தனையாவது சந்தில் திரும்புங்கள்" என்று பழக்கத்தில் சொல்லிவிடுவோம். 2001-இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறந்த பிறகு அந்த வட்டாரத்தின் போக்கே மாறிப்போனது. சந்தை எண்ணிக்கொண்டு போனவர் எங்கேயோ போய் நிற்பார். சாலையின் பேரைக் கேட்டுக்கொண்டு போனவர் கோயில் வாசலில் நிற்பார்.

சரி, பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் போதுமா? போதாது. பேரைச் சரியாகச் சொல்ல வேண்டும். அதிலும் சில பொறிகள் இருக்கின்றன. கணினி படிக்கப் போகும் மூத்த மாணவர்கள் இதைக் கொஞ்சம் உன்னிப்பாகக் கேளுங்கள்.

முதல் பொறி, செல்லப் பெயர். டாலர் குறியை வைத்துக் கூப்பிடும்போது முழுப் பேரும் தேவையில்லை. பட்டியல்$கணி என்று பாதி அடித்தாலும், அப்படித் தொடங்கும் பத்தி ஒன்றே ஒன்று இருந்தால், ஆர் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிடும். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. வீட்டில் "மாரி" என்று கூப்பிட்டால் மாரிமுத்து வருகிற மாதிரி. ஆனால் நாளைக்கு அதே வீட்டுக்கு மாரியப்பன் என்று ஒரு விருந்தாளி வந்துவிட்டால்? பட்டியலில் கணிதம், கணினி என்று இரண்டு பத்திகள் ஆகிவிட்டால்? அப்போது ஆர் இரண்டையும் கொடுக்காது. நல் என்று, அதாவது வெறுமை என்று, ஒரு பதிலைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். இரட்டைச் சதுர அடைப்புக்கு இந்தச் செல்லமெல்லாம் கிடையாது. முழுப் பேரைச் சொன்னால்தான் வரும். ஆகவே நிலைத்து நிற்க வேண்டிய வேலைக்கு இரட்டை அடைப்பே நல்லது.

இரண்டாவது பொறி, எழுத்துப் பிழை. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் இல்லை. ஆங்கிலத்தில் உண்டு. தலைப்பில் முதலெழுத்தைப் பெரிதாக எழுதிவிட்டு, கூப்பிடும்போது சின்ன எழுத்தில் கூப்பிட்டால், ஆர் அது வேறு ஆள் என்றே நினைக்கும். இல்லாத பத்தியை டாலர் குறியால் கூப்பிட்டாலும் சரி, இரட்டை அடைப்பால் கூப்பிட்டாலும் சரி, வரும் பதில் அதே வெறுமைதான். அந்த வெறுமையைக் கூட்டிச் சொல் என்றால், விடை பூஜ்யம்! பிழை என்று கத்தாது. தோட்டத்துச் சம்பளக் கணக்கில் இப்படி ஒரு பூஜ்யம் விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் பட்டியல்[ , "கணிதம்"] என்று காற்புள்ளி வைத்துக் கூப்பிடும் முறை மட்டும் கண்டிப்பானது. பேர் இல்லையென்றால், அப்படியொரு பத்தியே இல்லை என்று சத்தம் போட்டு வேலையை நிறுத்திவிடும். சத்தம் போடுபவன் நல்ல நண்பன். பேசாமல் தலையாட்டுபவனிடம்தான் எச்சரிக்கை தேவை.

மூன்றாவது பொறி, சீட்டு. ஒரு பையனிடம் சீட்டில் ஒரு பேரை எழுதிக் கொடுத்து, "இதில் உள்ள ஆளைக் கூப்பிடு" என்று அனுப்புகிறோம். கெட்டிக்காரப் பையன் சீட்டைப் பிரித்துப் பார்த்து "கணிதம்!" என்று கூப்பிடுவான். அதுதான் இரட்டை அடைப்பு. பட்டியல்[[சீட்டு]] என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால், சீட்டுக்குள் இருக்கும் பேரைப் பார்த்து எடுத்து வரும். டாலர் குறியிடம் அதே சீட்டைக் கொடுத்தால், வாசலில் நின்று "சீட்டு! சீட்டு!" என்று கூப்பிடும். சீட்டு என்ற பேரில் யாரும் இல்லை. வழக்கம்போல் வெறுமை. ஆறு பாடத்துக்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்குப் போட வேண்டும் என்றால், பாடத்தின் பேரைச் சீட்டில் மாற்றி மாற்றி எழுதித்தானே ஆக வேண்டும்? அந்த வேலைக்கு டாலர் குறி உதவாது.

நான்காவது, டிபன் கேரியர். பட்டியல்["கணிதம்"] என்று ஒற்றை அடைப்புக்குள் எழுதினால், வருவது பத்தியின் எண்கள் அல்ல. அந்த ஒரே ஒரு பத்தி உள்ள சின்னப் பட்டியல். சாம்பார் வேண்டும் என்று கேட்டவருக்கு, ஒரே அடுக்குள்ள டிபன் கேரியரை மூடியோடு கொடுப்பது போல. இரட்டை அடைப்பு மூடியைத் திறந்து சாம்பாரையே ஊற்றும். சராசரி காண்பதற்கு ஆர் மொழியில் மீன் என்று ஒரு கட்டளை உண்டு. நம் பசார் மீன் அல்ல, சராசரிக்கு ஆங்கிலத்தில் அந்தப் பேர். மூடிய கேரியரை அந்த மீனிடம் கொடுத்தால், ஓர் எச்சரிக்கையோடு என்.ஏ. என்று, விடை இல்லை என்ற பொருளில், திருப்பிக் கொடுத்துவிடும். திறந்து கொடுத்தால் சரியான சராசரி வரும்.

கடைசியாக ஒன்று. "நாமா முரிட்" என்று இரண்டு சொல்லாக ஒரு தலைப்பு இருந்தால், கோப்பைப் படிக்கும்போது ஆர் தானாகவே இடைவெளியை எடுத்துவிட்டு, நடுவில் ஒரு புள்ளி வைத்து "நாமா.முரிட்" என்று மாற்றிவிடும். ஒரே தலைப்பு இரண்டு பத்திகளுக்கு இருந்தால், இரண்டாவதற்குப் பின்னால் புள்ளி ஒன்று என்று சேர்க்கும். ஒரே வகுப்பில் இரண்டு சரஸ்வதி இருந்தால் ஆசிரியர் தலையெழுத்தைச் சேர்த்துக் கூப்பிடுகிறாரே, அதுபோல. பேரை மாற்றாதே, உள்ளபடியே விடு என்றும் அதனிடம் சொல்லலாம், சொல்லாவிட்டால் மாற்றும். ஆகவே கோப்பில் நாம் பார்த்த பேர்தான் உள்ளேயும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

இவ்வளவு பொறிகளுக்கும் மருந்து ஒன்றுதான். அதை என் தாத்தாவின் கிராணி அந்தக் காலத்திலேயே செய்து வந்தார். பெரட்டு எடுப்பது! வேலைக்கு அனுப்புவதற்கு முன் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. ஆர் மொழியில் நேம்ஸ் என்று ஒரு கட்டளை. அதைக் கொடுத்தால் பட்டியலில் உள்ள எல்லாப் பத்திகளின் பேரையும் வரிசையாகச் சொல்லும். கோப்பு வந்தவுடன் முதல் வேலையாக அதைப் பாருங்கள். நமக்கு வேண்டிய பேர்கள் அதில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். ஒன்று இல்லையென்றாலும் அங்கேயே நின்றுவிடு என்று கணினிக்கு ஒரு வரி எழுதி வையுங்கள். அந்தத் தாயின் தொலைபேசிக்குப் பிறகு, நான் பெரட்டு எடுக்காமல் எந்தக் கோப்பையும் தொடுவதில்லை.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. பேர் சரியாக இருக்க வேண்டும் என்பது கணினிக்காரர்களின் கவலை மட்டும் அல்ல. நம் சமூகத்தில் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும், அடையாளக் கார்டில் ஒரு விதமாகவும், பள்ளிப் பதிவேட்டில் இன்னொரு விதமாகவும் ஒரே பிள்ளையின் பேரை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருப்பது உண்டு. லெட்சுமி என்ற ஒரு பேரையே எத்தனை விதமாக எழுதலாம்! முன்பு கிராணி ஐயாவுக்கு ஆளைத் தெரியும். எழுத்து மாறினாலும் "அட, நம்ம லெட்சுமிதானே" என்று கண்டுகொள்வார். கணினிக்கு முகம் தெரியாது. ஓர் எழுத்து மாறினாலும் அதற்கு அது வேறு ஆள்தான். ஆகவே வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளின் பத்திரங்களை எடுத்து ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். மாறியிருந்தால், தேர்வுக்கும் உதவிநிதிக்கும் மனுப்போடும் அவசர நேரம் வருவதற்கு முன்பே திருத்த வழி தேடுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் நாளைக்குக் கணினியின் முன் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான பேர்களின் பட்டியலைக் கையாளப் போகிறீர்கள். உதவிநிதிப் பட்டியலாக இருக்கலாம், ஆஸ்பத்திரிப் பட்டியலாக இருக்கலாம், சம்பளப் பட்டியலாக இருக்கலாம். அப்போது ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது, அதன் வீட்டில் ஒரு தாய் காத்திருக்கிறாள் என்பதை மறக்காதீர்கள். என் தாத்தாவை நம்பரைச் சொல்லிக் கூப்பிட்ட காலம் போய்விட்டது. நீங்கள் எண்ணிக் கூப்பிடாதீர்கள். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், முழுப் பேரையும் சரியாகச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

இனி நான் விலகிக்கொள்கிறேன். தலைமையாசிரியர் அவர்கள் கையில் பரிசுப் பட்டியல் இருக்கிறது. அவர் நாற்காலியை எண்ணப் போவதில்லை. பேரைத்தான் வாசிக்கப் போகிறார். தன் பேரைக் கேட்டதும் தைரியமாக எழுந்து வாருங்கள். இந்த ஆண்டு பேர் வராத பிள்ளைகளும் நன்றாகக் கைதட்டுங்கள். உங்கள் பேரும் பட்டியலில் ஏற வேண்டும் என்பதே என் ஆசை.